விளக்குப் பக்கமும் குழாய்ப் பக்கமும்

அந்த வீட்டில் உப்புக்கூட நேராகக் கைமாறுவதில்லை. கணவருக்கு உப்பு வேண்டுமென்றால் அவர் அவளைப் பார்ப்பார். அவள் தன் தம்பியைப் பார்ப்பாள். தம்பி தன் தட்டருகே இருக்கும் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்துவான். அவள் அதை எடுத்துக் கணவரின் முன்னால் வைப்பாள். மேசை என்னவோ கையை நீட்டினால் மறுமுனை தொடுகிற அளவுதான். ஆனால் அந்தக் கையை நீட்ட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே அறை. நகராட்சிச் சாலைப் பிரிவின் மாடியில் நீள ஜன்னல்கள் வைத்த வரைபட அறை. நகரம் முழுக்கச் சைக்கிள் பாதைகளைப் பின்னலாகப் போடுவது என்று முடிவானபோது, ஆறு ஊரைப் பிரித்திருக்கிறபடியே வேலையையும் பிரித்துக் கொடுத்தார்கள். வீடுகளும் கடைகளுமான இக்கரை கணவருக்கு. ஆலைகளும் கிடங்குகளுமான அக்கரை தம்பிக்கு. எந்தத் தெருவில் ஜனங்கள் ஏற்கெனவே சைக்கிளில் போகிறார்கள், எங்கே பயந்து இறங்கித் தள்ளுகிறார்கள், எந்தத் திருப்பத்தில் பஸ் உரசுகிறது, எந்தக் கடைக்காரர் சாமானைத் தெருவில் பரப்பி வைக்கிறார் என்று கால் கடுக்க நின்று பார்த்து, பென்சிலால் கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுப்பார்கள். மாலையில் மாமனும் மாப்பிள்ளையும் ஒன்றாகவே வீடு திரும்புவார்கள். வாசலில் சைக்கிளைச் சாத்தும்போதும் ஏதாவது ஒரு சந்தைப் பற்றிய வாதம் ஓடிக்கொண்டிருக்கும். அவள் உள்ளேயிருந்து, "அந்தச் சந்தை வெளியவே விட்டுட்டு வாங்க, சோறு ஆறுது" என்பாள்.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். இக்கரையில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மேடு. அதன் மேல் நேராகப் போகவேண்டிய பாதையைக் கணவர் வளைத்து, அடிவாரத்துத் தெரு வழியாகச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். தலைமைப் பொறியாளர் அம்மா ஏன் இந்த வளைவு என்று கேட்டார். கணவர் சரிவின் அளவைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தம்பி, "இது கணக்குப் போட்ட கோடு இல்லைங்க மேடம், எங்க மாமாவோட முழங்கால் போட்ட கோடு" என்றான். அறையே சிரித்தது. தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் கணவருக்கு முழங்கால் என்று பெயர். டீ கொண்டுவருகிறவர் வரைக்கும், "முழங்கால் சாருக்குச் சர்க்கரை கம்மி" என்று ஆரம்பித்துவிட்டார்.

கணவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். மறுநாள் தம்பி வீட்டு மாடியில் தன் அறையிலிருந்து இறங்கிவந்து "மாமா" என்றபோது செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார், அவ்வளவுதான். தம்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சமையலறைக்குள் வந்தான். அம்மா போனபின் அவள் இடுப்பிலும் தோளிலுமாக வளர்ந்தவன், முகத்தை அவளிடம் மறைக்கத் தெரியாது.

"நான் மறுபடி மறுபடி போய் நிக்கமாட்டேன்கா. அவர் ஒரு தடவை வாயைத் திறந்து மாப்ளேன்னு கூப்பிடட்டும். எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு அப்படியே நிப்பேன். அதுவரைக்கும் எனக்கும் ரோஷம் இருக்கு."

அன்றிலிருந்து அவன் வாயில் "மாமா" போய் "உன் வீட்டுக்காரர்" வந்தது. அவர் வாயில் "மாப்பிள்ளை" போய் "உன் தம்பி" வந்தது. ரெண்டையும் என் தலையிலேயே எழுதி வச்சுட்டாங்க என்று அவள் தான் வேலை பார்க்கும் தையற்கூடத்தில் பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். சேதிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலையாயிற்று. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்பதிலிருந்து, நாளைக்குக் கூட்டம் இருக்கிறது என்பது வரை எல்லாம் அவள் வழியாகத்தான். முள்ளை உருவிவிட்டுத்தான் கொடுப்பாள். தம்பி அன்று சமையலறையில் சொன்னதை மட்டும் அவள் கணவரிடம் சொல்லவில்லை. அது கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

அந்த வருடம் மூடுபனி முன்னதாகவே இறங்கிவிட்டது. காலையில் ஆறு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. ரொட்டி காலையில் வாங்கினால் மாலையில் பூசணம் பிடித்தது. தெருக்களில் போட்ட பச்சைப் பெயிண்டும் காயாமல் சைக்கிள் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்தது. சீருடை தைக்கிற தையற்கூடம் அக்கரையில் இருந்ததால் அவள் தினமும் பாலத்தைத் தாண்டவேண்டும். அது பழைய பாலம், ஆமை முதுகுபோல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். ஒரு பக்கம் விளக்குக் கம்பங்கள். எதிர்ப்பக்கம், கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தடிமனில் ஒரு தண்ணீர்க் குழாய். நடுவில் கல் லாரிகள். குவாரியிலிருந்து விடிகாலையில் தொடங்கி வந்துகொண்டேயிருக்கும்.

பெயிண்ட் வேலை பாலத்துக்கு வந்த காலையில் அவள் விளக்குப் பக்கமாகப் புதுப் பச்சையை ஒட்டி மேட்டில் ஏறினாள். போகவும் வரவும் ஒரே பக்கத்தில் இடம் விட்ட அகலமான பாதை. மேட்டின் உச்சியில் பச்சை கத்தியால் வெட்டியதுபோல முடிந்தது. அதற்கப்பால் வெறும் தார். மிச்சப் பச்சை எங்கே என்று தேடினாள். எதிர்ப்பக்கத்தில், குழாயை ஒட்டி, அக்கரையிலிருந்து ஏறிவந்த பச்சையும் அதே உச்சியில் அதேபோல வெட்டுண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் முழுச் சாலை.

டப்பாவை மூடிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் கேட்டாள். "எங்க தாள்ல இதுவரைக்கும்தான்மா. அந்தாண்ட வேற கூட்டம், வேற தாள்" என்றார்.

"நடுவுல?"

"நடுவுல எங்களுக்கு வேலை இல்லையே."

அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கப் போனாள். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு மேட்டுக்குப் பின்னாலிருந்து, தரைக்குள்ளிருந்து முளைப்பதுபோல, லாரியின் கூரை, அப்புறம் கண்ணாடி, அப்புறம்தான் விளக்குகள். அவள் பின்வாங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். லாரி போனபின்னும் பாலம் காலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏறிவருகிற லாரிக்காரருக்கு உச்சிக்கு வரும்வரை இந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் எத்தனையோ இடம் இருக்க, இரண்டு பச்சையும் வந்து முடிய இந்த இடம்தானா கிடைத்தது.

அன்று மாலை அவித்த கிழங்கையும் மீனையும் பரிமாறிவிட்டு, தான் உட்காராமலே பேச்சை எடுத்தாள். கணவர் முதலில் முள்ளைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தார். பிறகு, இக்கரையில் விளக்குப் பக்கம்தான் சரி, குழாய்ப் பக்கம் முழுக்கக் கடைகளும் பஸ் நிறுத்தமும் என்றார். அவர் சொன்னது அவளிடம். தம்பியும் அவளிடம்தான் சொன்னான்: அக்கரையில் விளக்குப் பக்கம் வரிசையாக ஆலை வாசல்கள், லாரி நுழையும், வெளிவரும், அங்கே பாதை போட்டால் தினம் ஒரு கால் போகும்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரி. அப்போ நடுவுல போறவ தப்பா?" என்றாள் அவள்.

கணவர் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினார்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது அவளுக்குத் தெரியும். ஓட்டாத கோட்டுக்குக் கையெழுத்துக் கிடையாது. தாளில் போட்ட பாதையை, போட்டவரே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடியில் கையெழுத்திட வேண்டும். தலைமை அம்மா கொண்டுவந்த வழக்கம், அதில் எல்லோருக்கும் பெருமை. அதனால் கேட்டாள்.

"ஓட்டிப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேனே. மேடு வரைக்கும்" என்றார் கணவர்.

"அதுக்கப்புறம்?"

"திரும்பிட்டேன். அதுக்கப்புறம் உன் தம்பி தாள்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நானும் மேடு வரைக்கும்தான்" என்றான்.

ஊரெல்லாம் பாதை போட்டவர்கள். ஒருவர் உச்சி வரை ஏறி, எதிரே இருப்பது அவன் எல்லை என்று சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். இன்னொருவன் மறுபக்கத்திலிருந்து ஏறி, அதையே செய்திருக்கிறான். அவரவர் கோட்டிலேயே ஏறி, அவரவர் கோட்டிலேயே இறங்கியிருக்கிறார்கள். பாதையைப் பார்க்கவென்று ஒரு கரையில் புறப்பட்டு மறுகரையில் போய் இறங்கிய சைக்கிள் ஒன்றுகூட இல்லை. பேசிக்கொள்கிற காலமாக இருந்தால் உச்சியில் நின்று வாதம் செய்திருப்பார்கள், அந்த வாதத்திலேயே இது தெரிந்திருக்கும்.

சரிசெய்வது பெரிய வித்தையும் இல்லை. பாலத்தின் இக்கரை அடியில் ஒரு சிக்னல் இருக்கிறது, அக்கரை அடியிலும் ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒன்றில் சைக்கிள்களை நிறுத்தி, பக்கம் மாற்றி, பாலம் முழுவதையும் ஒரே பக்கமாகக் கொண்டுபோனால் போதும். ஆனால் எந்தக் கரையில் மாற்றுகிறார்களோ அந்தக் கரைக்காரர் தன் தாளைத் திரும்ப வாங்கி, தப்பு என்று எழுதி, தலைமை அம்மாவின் மேசைக்குப் போகவேண்டும்.

அவள் தனித்தனியாகவும் முயன்றாள். பின்கட்டில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவரிடம் போய் உட்கார்ந்தாள். அவர் நிமிராமல், "ஒரு தடவை சிரிச்சாங்க, போதும். நான் போய் நின்னா, முழங்கால் இப்போ கண்ணையும் கோட்டை விட்டுடுச்சும்பாங்க. உன் தம்பி சின்னவன், அவன் போகட்டும்" என்றார். மாடிக்குப் போனாள். தம்பி விரித்த தாளின்மேல் முழங்கையை ஊன்றிப் படுத்திருந்தான். அவனுக்கும் அந்த இடம் உறுத்துகிறது என்று தெரிந்தது. அந்த மூலையிலேயே பென்சில் முனையால் குத்திக் குத்திப் புள்ளி வைத்திருந்தான். "நான் மாத்தினா அவருக்காக இறங்கி வந்தேன்னு நினைக்கமாட்டார்கா. என் தாள் தப்பு, அவர் தாள் சரின்னு ஆயிடும்" என்றான்.

"யார் சரின்னு லாரிக்காரன் கேட்டுட்டா வரப்போறான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டு சேதியையும் அன்று அவள் கொண்டுசேர்க்கவில்லை. முள்ளை உருவினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

மறுநாள் கணவர் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். அதைச் சாக்காக வைத்து அவள் அலுவலக மாடிக்கு ஏறினாள். சுவர் முழுக்க நகரத்தின் படம். அதில் தலைமை அம்மா தன் கையாலேயே தடித்த பச்சைப் பேனாவால் பாதைகளை வரைந்திருந்தார். நரம்புபோல ஊரெல்லாம் ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் பாலத்தைத் தேடினாள். அங்கேயும் பச்சை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு முறிவில்லாமல் போனது. பேனாவின் தடிமன் சாலையின் அகலத்தையே மூடியிருந்தது, விளக்குப் பக்கமும் குழாய்ப் பக்கமும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. சுவரைப் பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு குறையும் தெரியாது.

தலைமை அம்மாவின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போய்ச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் சொன்னால் இருவரில் ஒருவர் தலைகுனிய வேண்டும், அல்லது இருவருமே. வீட்டுக்காரி வந்து காட்டிக்கொடுத்தாள் என்று அந்த அறை மறுபடி சிரிக்கும். சாப்பாட்டு டப்பாவைக் கணவரின் மேசையில் வைத்தாள். தம்பி இரண்டு மேசை தள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு மாலை வரை பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பாதைத் திறப்பு திங்கட்கிழமை. தையற்கூடத்துப் பெண்கள் அதே பேச்சாக இருந்தார்கள். பஸ்ஸில் நசுங்காமல் போகலாம், பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகலாம் என்று பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்து மிஷின்காரி, "உங்க வீட்டு ரோடுல நாங்க எல்லாம் போகலாமாக்கா, இல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வாயைத் திறந்தாள். மிஷினில் ஊசி ஒடிந்தது.

ஞாயிறு மாலை அவள் சோற்றைப் பரிமாறி, உப்புக் கிண்ணத்தை எடுத்து மேசைக்கு நட்டநடுவில் வைத்தாள். தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே நான் யாருக்கும் தபால் கொண்டுபோகமாட்டேன். நாளைக்கு முதல் ஷிப்டுக்கு நான் அந்தப் பாதையிலதான் போகப்போறேன். என்கூட எங்க கூடத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் வருவாங்க. இறங்கித் தள்ளமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பாதைதானே, ஏன் இறங்கணும்?"

கணவரின் கை பாதியில் நின்றது. தம்பி, "அக்கா" என்றான். அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.  இருவருமே சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்ததை அவள் கவனித்தாள். நாளைக்குள் ஏதாவது செய்வார்கள் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. 

காலையில் எழுந்தபோது இருவர் சைக்கிளும் வாசலில் இல்லை. பனி ஜன்னல்வரை வந்து நின்றது. ஒன்றாகத்தான் போயிருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. டீயைக் குடித்துவிட்டு, டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாலத்தடிச் சிக்னலில் தையற்கூடத்துப் பெண்கள் சைக்கிள்களோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஏறவில்லை. மேலே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்தப் பாலத்தில் லாரி நின்று அவள் பார்த்ததே இல்லை. எஞ்சின்களை அணைத்திருந்ததால் கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து மிஷின்காரி வந்து அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடிக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை. சைக்கிளை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஏறினாள்.

கணவர் விளக்குக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் பச்சையாக இருந்தது, ஈரப் பெயிண்டில் ஊன்றியிருக்கிறார். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலையின் நடுவில், யாரோ லாரியின் தார்ப்பாயை எடுத்து விரித்து மூடியிருந்தார்கள். கல் லாரிக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். குழாய்ப் பக்கத்துப் பச்சையிலிருந்து ஒரு சக்கரத் தடம், பச்சையாக, மெல்லிசாக, தாரின்மேல் வந்தது. பாதிச் சாலைவரை நேராக வந்து, அங்கே நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபின், ஒரு மதியம் கணவர் தானாகப் பேசினார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நகக்கண்ணில் இன்னும் போகாத பச்சையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விடிவதற்குள் அக்கரைக்குப் போய், தன் பச்சையிலேயே ஏறி, மேட்டைத் தாண்டி அவர் பச்சையில் வந்து சேர்ந்து பார்த்துவிடத்தான் தம்பி போயிருக்கவேண்டும். அந்த இடத்தை அளந்து, தாளைத் திருத்தி, விடிந்ததும் தலைமை அம்மாவின் வீட்டுக்கே போவது என்று அவரும் கிளம்பியிருக்கிறார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

"பனியில அவன் தலைதான் முதல்ல தெரிஞ்சுது. பச்சை முடியிற இடத்துல காலை ஊனி நின்னான். ரெண்டு பக்கமும் பாத்தான். அப்புறம் மிதிச்சான். நல்ல வேகம்தான், தாண்டியிருப்பான். எனக்கு லாரிச் சத்தம் கேட்டுது. நான்..."

அவள் காத்திருந்தாள்.

"மாப்ளேன்னு கூப்பிட்டுட்டேன். வேற ஒண்ணும் வாயில வரல. நின்னுட்டான். நடு ரோட்டுல, காலை ஊனி, என்னைப் பாத்துக்கிட்டு நின்னுட்டான். முகம்கூடச் சிரிச்ச மாதிரி..." விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு, "ஏன் நின்னான்? அவ்வளவு வேகமா வந்தவன் ஏன் நிக்கணும்?" என்றார்.

சமையலறையில் பால் பொங்கித் தீய்கிற வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் அன்று சமையலறையில் கொடுத்துவைத்த சேதி அவள் நாக்குநுனிவரை வந்தது. இத்தனை நாள் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரிச் சத்தத்துல பயந்திருப்பான்" என்றாள்.

அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

பாலத்தில் இப்போது ஒரே பக்கமாகத்தான் பச்சை. இக்கரைச் சிக்னலில் நிறுத்தி மாற்றுகிறார்கள். கணவர்தான் போய்த் தாளைத் திருப்பி வாங்கித் திருத்தினார். யாரும் சிரிக்கவில்லை, முழங்கால் என்ற பெயரையும் யாரும் சொல்வதில்லை. அலுவலகம் போகுமுன் அவர் சிக்னலில் வந்து நின்று, அவள் மேட்டில் ஏறி மறைகிறவரை பார்க்கிறார். பெண்கள் கூட்டமாகப் போவார்கள். லாரிகள் போகும். ஒருநாள் அவள் சாப்பாட்டு டப்பா கட்டவிழ்ந்து தெருவில் விழுந்து உருண்டது. அவளுக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிடவில்லை. அதை எடுத்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, பாலத்து மேட்டில் மெதுவாக மிதித்து ஏறிக்கொண்டிருந்த அவள் பின்னாலேயே ஓடிவந்தார். மேட்டின் உச்சியில் வந்து சேர்ந்து, மூச்சிரைக்க, அவள் தோளைத் தொட்டார்.